இசைப் பகிர்வும் நியாயமான உபயோகமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமய சங்கத்து மேடையிலே சட்டத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நாயன்மாருள் ஒருவரைப் பற்றியோ, திருமுறையின் சிறப்பைப் பற்றியோ பேசினால் அது இவ்விழாவுக்கு இன்னும் பொருத்தமாயிருக்கும் என்பதை நாமும் அறிவோம். ஆயினும், இன்று எமது சமயத்தையும் இசையையும் வீட்டுக்கு வீடு கொண்டு செல்வது கைத்தொலைபேசியே அன்றோ? திருவெம்பாவைக் காலத்திலே விடியுமுன் வட்ஸ்அப் குழுக்களில் வந்து குவியும் பாடல்களை எண்ணிப் பாருங்கள். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஊர்க் கோயிலின் திருவிழாவைக் கனடாவிலும் இலண்டனிலும் உள்ள எமது உறவினர் அந்தந்த நேரத்திலேயே கண்டு கும்பிடுகின்றனர். இவை நல்ல காரியங்கள். இவற்றைச் செய்கின்றவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற வாலிபர்கள்.

ஆனால், நாம் அனுப்புகின்ற அப்பாட்டு யாருடையது என்று கேட்போர் மிகச் சிலர். யாரேனும் கேட்டுவிட்டால், "இது நியாயமான உபயோகம், இதற்குச் சட்டத்தில் இடமுண்டு" என்று ஒரு விடை ஆயத்தமாக இருக்கின்றது. அவ்விடை முழுப் பொய்யுமன்று, முழு மெய்யுமன்று. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலிலே, ஒரு பாட்டு என்பது ஒரு பொருளன்று என்பதை உணர வேண்டும். திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் ஏழாம் நூற்றாண்டிலே பாடிய பதிகம் எவருக்கும் தனியுடைமையன்று. அதை நீங்கள் பாடலாம், அச்சிடலாம், உலகமெங்கும் அனுப்பலாம். ஒருவரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. அதே பதிகத்தை ஓர் ஓதுவார் ஒலிப்பதிவுக் கூடத்திலே பாட, ஒரு கம்பனி அதை இறுவட்டாக வெளியிட்டால், அங்கே புதிதாக இரண்டு உரிமைகள் தோன்றுகின்றன. பாடினவருக்குத் தம் பாடுகையின் மேல் ஓர் உரிமை. பதிவு செய்தவருக்குத் தம் பதிவின் மேல் ஓர் உரிமை. சொல் சம்பந்தருடையது, குரலும் பதிவும் சம்பந்தருடையன அல்ல. "தேவாரத்துக்குக் கூடவா உரிமை?" என்று கோபிப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறந்தே கோபிக்கின்றார்கள்.

இன்னும் ஓர் உதாரணம் கூறுவோம். மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மீது டி. எம். சௌந்தரராஜன் பாடிய கற்பகவல்லிப் பாடலைக் கேளாத சைவத் தமிழர் அரியர். அதை இயற்றியவர் எமது இணுவிலைச் சேர்ந்த ந. வீரமணி ஐயர் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? இயற்றியவர் யாழ்ப்பாணத்தவர், பாடியவர் மதுரையிலே பிறந்தவர், தட்டாக வெளியிட்டோர் மூன்றாமவர். இம்மூவருடைய உரிமையும் வெவ்வேறு. அவை முடியும் காலமும் வெவ்வேறு. ஐயர் அவர்கள் 2003ஆம் ஆண்டில் அமரரானார். எமது நாட்டுச் சட்டப்படி இயற்றியவர் மறைந்த பின்னும் 70 ஆண்டுகள் பதிப்புரிமை நிற்கும். ஆகவே அப்பாட்டின் சொற்கள் 2073ஆம் ஆண்டின் முடிவு வரை காப்புப் பெற்றவை. அதுமட்டுமன்று, இயற்றியவரின் பெயரைத் தெரியக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் அச்சட்டம் தருகின்றது. இணையத்திலே அப்பாடலைப் பகிர்வோர் பலர் பாடகரின் பெயரை எழுதுகின்றனர். கவிஞரின் பெயர் விடுபட்டுப் போகின்றது. பணத்தைப் பற்றிய கேள்வி எப்படியாயினும், இக்குறையை நீக்குவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

எமது நாட்டிலே இப்பொழுது நடைமுறையில் உள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். அதற்கு முன் 1979ஆம் ஆண்டின் சட்டக்கோவை இருந்தது. பதிப்புரிமை பற்றிய பேர்ண் உடன்படிக்கையில் இலங்கை 1959ஆம் ஆண்டிலே சேர்ந்தது. இந்தியாவும் அதில் உள்ளது. ஆதலால், "இது இந்தியப் பாட்டுத்தானே, இங்கே யார் கேட்கப் போகிறார்கள்?" என்பது சட்டத்திற் செல்லாத பேச்சு.

ஆண்டுக் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் நாம் அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுவதும் உண்டு. காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் 1947ஆம் ஆண்டிலே யாழ் நூலை வெளியிட்டு, அதே ஆண்டில் மறைந்தார். எழுபது ஆண்டைக் கூட்டினால் 2017. அதன்பின் அடிகளின் எழுத்து எமது நாட்டிலே எல்லார்க்கும் பொது. தியாகராஜ சுவாமிகள் 1847ஆம் ஆண்டிலே சித்தியடைந்தவர். அவருடைய கீர்த்தனங்களைப் பற்றிக் கேள்வியே இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973. இந்தியாவிலே மறைவின் பின் 60 ஆண்டு என்பது கணக்கு. ஆகவே அங்கே 2033 வரையும், இங்கே 2043 வரையும் அவருடைய கீர்த்தனங்கள் காப்புடையன. கச்சேரி மேடைகளிலே இருவர் பாட்டும் அடுத்தடுத்து வருகின்றன. கேட்போருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஒலிப்பதிவுகளுக்கும் பாடுநர், வாசிப்போரின் உரிமைக்கும் எமது சட்டம் தருவது 50 ஆண்டு. இந்தியாவிலே ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு.

இனி நியாயமான உபயோகத்துக்கு வருவோம்.

இது மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று கருத வேண்டாம். பிறர் நூலிலிருந்து வேண்டிய அளவு எடுத்துக்காட்டி, அதைப் பற்றிப் பேசுவது தமிழ் உரையாசிரியர்களின் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்குநல்லார் அரங்கேற்று காதையை விளக்கும்பொழுது இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு முதலிய இசை நாடக நூல்களைச் சான்று காட்டுகின்றார். அவர் அவ்வாறு எடுத்தாண்டிராவிட்டால் பழந்தமிழிசையைப் பற்றி எமக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? விபுலானந்த அடிகளின் ஆராய்ச்சி அவ்வுரையின் மேலே எழுந்ததன்றோ? எடுத்தாளுவதை முற்றாகத் தடுத்தால் கல்வியே நின்றுவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அடியார்க்குநல்லார் அந்நூல்களை முழுமையாகப் பிரதி செய்து தம் பெயரில் வழங்கவில்லை. வேண்டியதை எடுத்தார், எடுத்ததன் மேல் தம் உழைப்பைச் செலுத்தினார்.

அமெரிக்காவிலே இக்கருத்து நீதிமன்றத்தில் உருப்பெற்றது 1841ஆம் ஆண்டில். ஜோர்ஜ் வாஷிங்டனின் கடிதங்களையும் எழுத்துக்களையும் ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்பவர் பல பாகங்களாகப் பதிப்பித்திருந்தார். வேறொருவர் அவற்றிலிருந்து 353 பக்கங்களை எடுத்து ஒரு சிறு சரித்திரமாக்கி வெளியிட்டார். நீதிபதி ஸ்டோரி அது தவறு என்று தீர்த்தார். தீர்த்தபொழுது, எடுத்ததன் தன்மை என்ன, எடுத்த அளவும் மதிப்பும் என்ன, மூலநூலின் விற்பனைக்கு அது எவ்வளவு கேடு செய்யும் என்று பார்க்க வேண்டுமென்றார். எடுத்தவர் தோற்ற அந்த வழக்கிலிருந்தே எடுத்தாளும் உரிமைக்குரிய அளவுகோல் பிறந்தது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம் அதை 107ஆம் பிரிவாக எழுதிக்கொண்டது. எமது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு ஏறக்குறைய அதே வாசகத்தில் அமைந்துள்ளது. இதில் ஒரு புதுமை உண்டு. இங்கிலாந்தும் இந்தியாவும் இன்ன இன்ன காரியங்களுக்கு மாத்திரம் என்று வரையறுத்த வேறொரு முறையைக் கைக்கொள்கின்றன. ஆங்கிலேயர் ஆண்ட நாடாகிய இலங்கையோ இவ்விஷயத்தில் அமெரிக்க வழியைப் பின்பற்றிற்று. ஆகவே அமெரிக்க வழக்குகளை நாம் அறிவது வெறும் பொழுதுபோக்கன்று. அத்தீர்ப்புகள் எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆனால் அதே சொற்களை நீதிபதிகள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதைக் காட்டும்.

விமர்சனம், கருத்துரை, செய்தி அறிவித்தல், கற்பித்தல், புலமை ஆராய்ச்சி போன்ற காரியங்களுக்காக ஒரு படைப்பை நியாயமாக உபயோகிப்பது குற்றமன்று என்று 11ஆம் பிரிவு கூறுகின்றது. "போன்ற" என்ற சொல் முக்கியமானது; பட்டியல் அதோடு முடிந்துவிடவில்லை. ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே எதுவும் நியாயமாகிவிடுவதுமில்லை. உபயோகத்தின் நோக்கமும் இயல்பும், மூலப் படைப்பின் தன்மை, எடுத்த பங்கு, மூலப் படைப்பின் சந்தைக்கு நேரும் விளைவு ஆகிய நான்கையும் ஒருங்கே சீர்தூக்க வேண்டும்.

எமது பிள்ளைகளின் பண்ணிசை வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒரு புகழ்பெற்ற ஓதுவாரின் பதிவிலிருந்து ஒரு நிமிடத்தைப் போட்டுக் காட்டி நிறுத்துகின்றார். "இந்த இடத்திலே கமகம் எப்படி விழுகின்றது, பாருங்கள்" என்று விளக்கிப் பின் பிள்ளைகளைப் பாடச் செய்கின்றார். இதைப் படம்பிடித்து இணையத்தில் இட்டாலும், அதைப் பார்த்தவர் எவரும், "ஓதுவாரின் இறுவட்டு இனி எனக்கு வேண்டாம்" என்று சொல்லப்போவதில்லை. வாங்க விரும்பினாலும் விரும்புவர். இது நியாயமான உபயோகத்தின் பக்கமே சாயும் என்பது எமது அபிப்பிராயம். அதே ஆசிரியர் அந்த இறுவட்டின் பாடல்கள் அனைத்தையும், "மாணவர் நலன் கருதி" என்று ஒரு தலைப்பிட்டு ஏற்றிவிட்டால், அங்கே கற்பித்தல் என்பது தலைப்பில் மாத்திரமே இருக்கின்றது. எடுத்தது முழுவதும், சேர்த்தது ஒன்றுமில்லை, இறுவட்டுக்குப் பதிலாக அதுவே நின்றுவிடும்.

இசையைப் பொறுத்தவரை ஒரு கஷ்டம் உண்டு. நூலிலே ஒரு பந்தியை எடுத்தால் நூல் மிஞ்சும். பாட்டிலே ஒரு பல்லவியை எடுத்தால் பாட்டின் உயிரே அதுவாயிருக்கக்கூடும். ஆதலால் முப்பது செக்கன் வரை எடுக்கலாம், இத்தனை அடி எடுக்கலாம் என்று வழங்கும் கணக்குகள் எந்தச் சட்டத்திலும் இல்லை. இக்கட்டுக்கதை எங்கே பிறந்ததோ, எல்லாரும் அதைச் சொல்லுகின்றார்கள்.

எடுத்தது பெரிதாயிருந்தும் நியாயம் என்று தீர்க்கக்கூடிய இடமும் உண்டு. 1994ஆம் ஆண்டிலே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. றோய் ஓர்பிசனின் பிரசித்தமான ஒரு பாட்டை ஒரு றாப் குழுவினர் நையாண்டி செய்து விற்றனர். விற்றதனாலேயே அது நியாயமற்றதாகிவிடாது, மூலப்பாட்டைக் குத்திக்காட்டிப் புதியதொரு பொருளைத் தந்ததா என்று பார்க்க வேண்டும் என்று நீதிபதிகள் ஒருமுகமாகக் கூறினர். நையாண்டிக்கு மூலத்தை நினைவூட்டாமல் வேலை செய்ய முடியாது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டனர். எமது வில்லிசைக் கலைஞரும் மேடை நாடகக்காரரும் சினிமா மெட்டிலே வேறு சொல்லமைத்துச் சிரிப்பூட்டுவதை இங்கே நினைத்துப் பாருங்கள். ஆனால் சினிமா மெட்டிலே பக்திப் பாடல் எழுதிப் பாடுவது இதிலே அடங்குமா? அது மூலப்பாட்டைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. மெட்டின் கவர்ச்சியை இரவல் வாங்குகின்றது. அதற்கு இத்தீர்ப்பு துணை செய்யாது. மெட்டை இரவல் வாங்கிய பக்திப் பாடல்கள் எமக்கு வேறு காரணத்தாலும் பிடிப்பதில்லை. அதை இங்கே விரிக்க வேண்டாம்.

இப்பொழுது, முழுப் பாட்டையும் அப்படியே பகிர்வதைப் பற்றிய வழக்குகளைப் பார்ப்போம். இங்கேதான் வாலிபர்கள் பலர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

1999ஆம் ஆண்டிலே நாப்ஸ்டர் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் தோன்றிற்று. ஷோன் பானிங் என்ற மாணவர் அதை ஆக்கினார். ஒருவர் கணினியில் உள்ள பாட்டை முன்பின் அறியாத இன்னொருவர் நேரே எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. கோடிக்கணக்கானோர் அதில் மொய்த்தனர். இசைத்தட்டுக் கம்பனிகள் வழக்கிட்டன. நாப்ஸ்டர் சொன்ன மறுமொழிகளுள் தலையாயது, "எமது பாவனையாளர் செய்வது நியாயமான உபயோகம்" என்பதே. வாங்குமுன் மாதிரி கேட்கின்றனர் என்றும், முன்னரே வாங்கிய தட்டை வேறோரிடத்திலிருந்து கேட்கின்றனர் என்றும் வாதித்தது. 2001 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் தள்ளிவிட்டது. முழுப் பாட்டையும் மாற்றமின்றிப் பிரதி செய்தால் அதில் புதிய பொருள் ஒன்றும் பிறப்பதில்லை. முகமறியாதவருக்கு வழங்குவதைச் சொந்த உபயோகம் என்று கூற முடியாது. காசு கைமாறாவிட்டாலும், வாங்க வேண்டியதை வாங்காமற் பெறுவது ஆதாயமே என்றனர் நீதிபதிகள். அந்த ஆண்டு ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது.

மாதிரி கேட்கும் வாதத்தைத் தனியாட்களும் சொல்லிப் பார்த்தனர். 2005ஆம் ஆண்டிலே சிக்காகோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு பெண்மணி ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பாட்டுக்களை இறக்கியிருந்தார். அவற்றுள் 30 பாட்டுக்கள் அவர் எக்காலத்தும் வாங்காதவை. அந்த 30க்கும் பாட்டொன்றுக்கு 750 டொலர் வீதம் 22,500 டொலர் விதிக்கப்பட்டது. 750 டொலர் என்பது அச்சட்டத்தின் வழக்கமான ஆகக் குறைந்த தொகை. மினசோட்டா மாநிலத்து மற்றொரு பெண்மணி 24 பாட்டுக்களுக்காகப் பல ஆண்டு வழக்காடி, ஈற்றில் 2,22,000 டொலருக்கு ஆளானார். கடையிலே ஏறக்குறைய ஒரு டொலருக்கு விற்ற பாட்டுக்கள் அவை. இத்தண்டங்கள் அளவுக்கு மிஞ்சியவை என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் தண்டம் கொடியது என்பதால் செயல் நியாயமாகிவிடாது. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

எமது சட்டத்தின் 12ஆம் பிரிவு ஒரு சலுகை தருகின்றது. சட்டப்படி பெற்ற ஒரு பிரதியிலிருந்து ஒருவர் தம் சொந்தத் தேவைக்கென்றே ஒரேயொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய இறுவட்டைத் தொலைபேசியிற் பதிந்து பயணத்திலே கேட்பது இதிலே அடங்கும். இருநூறு பேர் உள்ள வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவது எவ்வாறு அடங்கும்? சொந்தம் என்ற சொல்லை எவ்வளவு இழுத்தாலும் அது இருநூறு பேர் வரை நீளாது. உத்தியோகபூர்வமான தளத்திலே உரியவரே வெளியிட்ட பாட்டின் முகவரியை அனுப்புவதோ வேறு விஷயம். கேட்பவர் அங்கே சென்று கேட்கின்றார், உரியவருக்கும் கணக்கு ஏறுகின்றது. ஒரே பாட்டு, ஒரே விரல் அசைவு. ஆயினும் பாட்டையே பிரதி செய்து அனுப்புவது ஒன்று, பாட்டிருக்கும் இடத்தைக் காட்டுவது மற்றொன்று.

"பதிப்புரிமையை மீறும் நோக்கம் எமக்கில்லை" என்று பாட்டின் கீழே எழுதிவிடும் ஒரு சடங்கும் உண்டு. சட்டத்தில் அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. வழிப்போக்கரின் குடையை எடுத்துக்கொண்டு, "எடுக்கும் நோக்கமில்லை" என்று சீட்டெழுதி வைத்துவிட்டுப் போவது போன்றது அது.

கோயில் விஷயத்திலே ஒரு சந்தேகம் எழும். இந்தியச் சட்டத்திலே, உண்மையான சமயச் சடங்கின்போதும் விவாக ஊர்வலத்தின்போதும் பாட்டுப் பாடவும் இசைத்தட்டுப் போடவும் விலக்களித்திருக்கின்றார்கள். அது சடங்கு நடக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் உரிய விலக்கு. வீதியிலே சுவாமி வரும்பொழுது ஒலித்த பாட்டை மறுநாள் இணையத்தில் ஏற்றி, விளம்பரப் பணம் பெறுவதற்கு அது அனுமதிச் சீட்டாகாது.

நேரலை செய்யும் வாலிபர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு. "தேர்த் திருவிழாவைக் காட்டினோம், நடுவிலே ஒலி நின்றுவிட்டது, நாம் என்ன திருடினோம்?" என்கின்றனர். நிகழ்வது இதுதான். யூரியூப் 2007ஆம் ஆண்டு முதல் ஓர் இயந்திரக் காவலை வைத்திருக்கின்றது. உரிமையாளர் தம் பாட்டின் பிரதியை முன்னரே கொடுத்து வைப்பர். புதிதாக ஏறும் ஒவ்வொன்றையும் இயந்திரம் அதனோடு ஒப்பிடும். ஒத்திருந்தால் தடுக்கலாம், விளம்பரப் பணத்தைத் தமக்குத் திருப்பலாம், அல்லது சும்மா கணக்கெடுக்கலாம். அது உரிமையாளர் விருப்பம். கோயில் ஒலிபெருக்கியிலே போட்ட இசைத்தட்டும், மேளகாரர் இரவுத் திருவிழாவிலே இரசிகர் கேட்டுக்கொண்டபடி வாசித்த சினிமாப் பாட்டும் இவ்வலையில் விழும். எவர்க்கும் பொதுவான தியாகராஜ கீர்த்தனத்தை ஒருவர் தாமே வாசித்திருக்க, அது வேறொருவரின் பதிவு என்று இயந்திரம் மயங்குவதும் உண்டு. இயந்திரத்துக்கு ஒலி தெரியும், நியாயம் தெரியாது. நான்கு விஷயங்களையும் சீர்தூக்க வேண்டும் என்று சட்டம் சொல்ல, அது ஒன்றையே அளக்கின்றது.

அங்கே வாலிபர்கள் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. மறுப்பு எழுதலாம், எதிர்த்தரப்பார் 30 நாளுக்குள் விடை சொல்ல வேண்டும். அமெரிக்காவிலே 2007ஆம் ஆண்டில் ஒரு தாயார் தம் குழந்தை சமையலறையிலே துள்ளியாடுவதை 29 செக்கன் படமாக இட்டார். பின்னணியில் பிரின்ஸ் என்ற பாடகரின் பாட்டொன்று தெளிவின்றி ஒலித்தது. கம்பனி அதை நீக்குவித்தது. தாயார் வழக்கிட்டார். 2015ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம், நீக்கும்படி அறிவித்தல் அனுப்புமுன் அது நியாயமான உபயோகமாகுமா என்பதை உரிமையாளர் ஆலோசித்தே ஆக வேண்டும் என்றது. திருவிழாக் காட்சியிலே தற்செயலாக நாலு செக்கன் விழுந்த பாட்டுக்கு இந்நியாயம் பொருந்தும் என்று வாதிக்கலாம். முழுக் கச்சேரியையும் ஏற்றிவிட்டு இதைச் சொல்ல முடியாது.

அன்பர்களே, இதுவரை உரிமையாளர் பக்கமே பேசியதாக உங்களுக்குத் தோன்றலாம். மறுபக்கமும் உண்டு, அது எமக்கு மிக நெருங்கியது.

எண்பதுகளிலே யாழ்ப்பாணத்து நகரங்களில் ரெக்கோடிங் பார் என்ற கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுக்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கசெற்றிலே பதிந்து தருவார்கள். 1990க்குப் பின் மின்சாரம் இல்லாத ஆண்டுகளிலே சைக்கிள் டைனமோவைச் சுற்றி அக்கசெற்றுக்களைக் கேட்டோர் எம்மிடையே இருக்கின்றனர். சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் அது மீறலே. ஆனால் கோயில் திருவிழாக்களிலே தனியார் பதிந்த நாடாக்களும் அவற்றோடு இருந்தன. இடப்பெயர்வுகளிலே எத்தனையோ அழிந்தன. தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி 1975ஆம் ஆண்டிலே மறைந்தார். அவருடைய கையைக் கேட்க வேண்டுமானால் பழைய நாடாக்களைத்தானே தேட வேண்டும்? யாரோ ஒருவர் பெட்டியில் வைத்துக் காத்ததை, யாரோ ஒருவர் கணினியிலே மாற்றி, யாரோ ஒருவர் பகிர்ந்ததனால் எமது பிள்ளைகள் கேட்கின்றனர். வாசிப்போரின் உரிமை 50 ஆண்டு என்ற கணக்கில், அவருடைய கடைசி வாசிப்பும் 2025ஆம் ஆண்டின் முடிவோடு எல்லையைத் தாண்டுகின்றது. அவருக்குப் பின் வந்தோரின் நாடாக்களோ இன்னும் எல்லைக்குள்ளே இருக்கின்றன. நாடா சட்டத்துக்காகக் காத்திராது, பூஞ்சணம் பிடித்து உதிரும். கடையிலே எங்கும் கிடையாத, சந்தையே இல்லாத ஒரு பதிவை ஆராய்ச்சிக்காகப் பாதுகாத்து, விளக்கக் குறிப்போடு வழங்குவதை, நேற்று வெளிவந்த சினிமாப் பாட்டை வழங்குவதோடு ஒரே தட்டில் நிறுக்கக் கூடாது. சந்தைக்கு நேரும் விளைவு என்ற நான்காவது அளவுகோலுக்கு உண்மையான பொருள் இருக்குமானால் இங்கேதான் அது தெரிய வேண்டும். அப்படியிருந்தும் குடும்பத்தாரைக் கண்டு ஒரு சொல் கேட்பது பண்பு. பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பர்.

உரிமை தனியார் கையிலே இறுகிப்போனால் நேரும் கேட்டைத் தமிழர் பாரதியார் விஷயத்திலே கண்டனர். கவிஞர் 1921இல் வறுமையிலே மறைந்தார். அவருடைய பாட்டுக்களை ஒலிப்பதிவிலும் சினிமாவிலும் உபயோகிக்கும் உரிமை கைமாறிக் கைமாறிப் படமுதலாளி ஏ. வி. மெய்யப்பனிடம் வந்தது. வேறொரு படத்திலே ஒரு பாட்டைச் சேர்த்தவர்கள் வழக்கை எதிர்நோக்கினர். மக்கள் கிளர்ந்தனர். 1949ஆம் ஆண்டிலே மெய்யப்பன் தம் உரிமையைச் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். பின்னர் பாரதி பாடல் பொதுவுடைமையாயிற்று. அன்று வழி திறந்தது அரசின் செயலால். நியாயமான உபயோகத்தால் அன்று. அது அவ்வளவு பெரிய கதவன்று, ஒரு சாளரமே.

இசையமைப்பாளரும் பாடகரும் ஒருவரோடொருவர் முரண்படும் காலமும் வந்திருக்கின்றது. 2017ஆம் ஆண்டிலே இளையராஜா தரப்பிலிருந்து எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு அனுப்பிய அறிவித்தல் உங்களுக்கு நினைவிருக்கும். யார் பக்கம் நியாயம் என்று தேநீர்க் கடைகளிலெல்லாம் பேசினார்கள். பாடியவரே தாம் பாடிய பாட்டை மேடையிற் பாட அனுமதி பெற வேண்டுமா என்று வியந்தவர்கள், பாட்டிலே பல உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்பதை அன்றுதான் முதன்முதலில் அறிந்தனர் போலும்.

கடைசியாக, எம் கண்முன்னே உள்ள ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எமது கோயிலிலே இரவு முழுவதும் நின்று வாசிக்கும் நாதஸ்வரக்காரர். அவருக்கு இசைத்தட்டுக் கம்பனி இல்லை, வக்கீல் இல்லை, இயந்திரக் காவலும் இல்லை. அவர் மல்லாரி வாசிக்கத் தொடங்கியவுடன் இருபது தொலைபேசிகள் உயர்கின்றன. மறுநாள் ஐந்து அலைவரிசைகளிலே அவர் வாசிப்பு முழுவதும் ஏறுகின்றது. சிலவற்றில் பெயர் இல்லை, சிலவற்றில் வேறொருவர் பெயர். அவற்றுள் விளம்பரப் பணம் பெறுவனவும் உண்டு. தம் வாசிப்பைப் பதியவும், பிரதி செய்யவும், பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யவும் அனுமதிக்கும் உரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவருக்கு உண்டு. சினிமாக் கம்பனியின் நாலு செக்கனுக்கு அஞ்சி ஒலியை நிறுத்துகின்ற நாம், எமது ஊர்க் கலைஞரின் நாலு மணி நேரத்தை ஒரு வார்த்தை கேளாமல் எடுத்துக்கொள்கின்றோம். முழு வாசிப்பை எடுப்பது எந்த அளவுகோலின்படியும் நியாயமான உபயோகமன்று. பெயரோடு ஒரு சிறு பகுதியைத் திருவிழாச் செய்தியாகக் காட்டுவது அதிலே அடங்கலாம்.

ஆகவே சங்கத்தின் அலைவரிசைக்காக ஒரு பக்க அனுமதித் தாள் ஒன்றைத் தமிழிலே ஆயத்தம் செய்திருக்கின்றோம். கலைஞரின் பெயர், ஊர், வாசித்த நாள், முழுவதையும் இடலாமா பகுதியை மாத்திரமா, எத்தனை காலத்துக்கு, பணம் வந்தால் அவருக்கு எவ்வளவு, வேண்டாம் என்று அவர் பின்னர் சொன்னால் எத்தனை நாளுக்குள் நீக்குவோம் என்ற விவரங்கள் அதில் உள்ளன. உபயகாரர் மேளத்துக்கு அச்சாரம் கொடுக்கும்பொழுதே இதையும் பேசிக்கொள்வது நல்லது. வாசிப்பு முடிந்து களைத்திருப்பவரிடம் நள்ளிரவிலே கையெழுத்துக் கேட்பது முறையன்று. வாயிலில் உள்ள மேசையிலே பிரதிகள் இருக்கின்றன. தாளிலே திருத்தம் வேண்டுவோர் பங்குனிக் கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.